மணிக்கூண்டு வரைக்கும்

அன்புள்ள அம்மா,

ஆபரேஷன் காயம் ஆறும்வரை உன்னை மாடி வார்டிலிருந்து இறக்கமாட்டார்களாம். அதனால் கீழே தம்பியிடம் நடப்பதை எழுதுகிறேன்.

அவன் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறான். மூக்கிலும் வாயிலும் குழாய்கள். காது மட்டும் உன்னுடையது மாதிரியே மடிந்திருக்கிறது.

இன்று நர்ஸ் அக்கா எனக்கும் கவுன் மாட்டி உள்ளே விட்டார்கள். அப்பாவிடம், "சும்மா நிக்காதீங்க சார், ஏதாவது பேசுங்க. அவனுக்குக் கேக்கும்" என்றார்கள்.

"என்னத்தம்மா பேசறது? எனக்குத் தெரிஞ்சதெல்லாம் பஸ்ஸுதான்."

"அதையே சொல்லுங்க."

அப்பா பெட்டியின் துளை வழியாக ஒரு விரலைத் தம்பியின் கையில் கொடுத்துவிட்டுத் தன் ரூட்டைச் சொல்ல ஆரம்பித்தார். "மார்க்கெட் எறங்கு... தண்ணித்தொட்டி... படியில நிக்காதப்பா, உள்ள போ... மணிக்கூண்டு..." கண்டக்டர் குரல் இவ்வளவு மெதுவாக வரும் என்று எனக்குத் தெரியாது.

"டிக்கெட் எடுத்துட்டானா சார்?" என்று நர்ஸ் அக்கா கேட்டார்கள்.

"இவனுக்கு ஃப்ரீ பாஸ்!"

மூவரும் சிரித்தோம். ஆனால் மணிக்கூண்டு வந்ததும் அப்பா ஒவ்வொரு முறையும் மார்க்கெட்டுக்கே திரும்பிவிட்டார். "அடுத்தது கடைசி ஸ்டாப்தானேப்பா?" என்று கேட்டேன்.

"இந்த பஸ் அங்க போகாதும்மா."

பிறகு டாக்டர் அப்பாவை வெளியே அழைத்துப் பேசினார். சாயங்காலம் உன்னைச் சக்கர நாற்காலியில் கூட்டிவருவார்களாம். காயம் ஆறவில்லையே என்றேன். டாக்டர் என் தலையைத் தடவினார். குழாய்களையெல்லாம் எடுத்துவிட்டுத் தம்பியை உன் மடியில் கொடுப்பார்களாம்.

உன் சீப்பைக் கொண்டுவருகிறேன். அப்பாவின் குரல் நின்றுவிட்டால் நீ மார்க்கெட்டிலிருந்து தொடங்கு. மணிக்கூண்டு வந்ததும் திரும்பிவிடு, அம்மா.

இப்படிக்கு,
தம்பியின் அக்கா