விரல் எட்டும் வண்டி

அன்பு மகளுக்கு அப்பாவின் ஆசிகள். வீட்டில் நாங்கள் நாலு பேரும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் சுகம் என்று ஒவ்வொரு தடவையும் போனில் சொல்கிறீர்கள், வார்த்தையைக் கேட்டுப் பாதியும் குரலைக் கேட்டுப் பாதியுமாக நம்பிக்கொள்கிறேன். இதை எழுதுகிறது உன் தங்கை. ஸ்கூல் பஸ் ஒன்றுக்கு சீட் கவர் முழுக்க மாற்றுகிற வேலை வந்திருக்கிறது, என் கை இரண்டும் மெஷினில், வாய் மட்டும்தான் சும்மா இருக்கிறது, அதனால் நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். பள்ளிக்கூடத்தை விட்டாளே தவிரக் கையெழுத்தை விடவில்லை, முத்து முத்தாக இருக்கிறது பார். (அக்கா, இந்த வரியை எழுத மாட்டேன் என்றேன், அப்பா விடவில்லை. இனி அடைப்புக்குள் வருவதெல்லாம் நான்.)

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நம் வீடு இரண்டே அறை, உன் மகளுக்கோ பாம்புச் செவி. கதவைச் சாத்திக்கொண்டு பேசினால் அந்தப் பக்கம் காலடி வந்து நிற்கிற சத்தம் கேட்கிறது. உன்னோடு வேலை பார்க்கிற பெண் விடுமுறை முடிந்து நாளை கிளம்புகிறாள், அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை கடுகு உன்னைக் கூப்பிடுவதற்கு முன்னால் இதைப் படித்து முடித்துவிடு. உன் மகளைக் கடுகு என்று நாம் விளையாட்டாகக் கூப்பிட ஆரம்பித்தது, இப்போது ஒன்பது வயதுக்கு அந்தப் பெயரே அவளுக்குப் பொருந்திவிட்டது, ஆள் வளர்வதைவிடக் காரம் வேகமாக வளர்கிறது. உன் அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. நர்சரியில் அவளைக் குனிகிற வேலையிலிருந்து எடுத்துச் செடி விற்கிற இடத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். ஒரு ரோஜாச் செடி வாங்க வருகிறவரிடம் அதை எப்படிச் சாகடிக்கக் கூடாது என்று அரை மணி நேரம் பேசுகிறாளாம், முதலாளி சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியாமல் நிற்கிறாராம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பிறந்தநாளுக்குக் கடுகுக்கு நாலு சக்கர பைக் வாங்கித் தருவதாக நீ சொன்னாய் அல்லவா, நம் தெருவுக்குப் பின்னால் இருக்கிற காலி மைதானத்தில் பிள்ளைகள் புழுதி கிளப்பிக்கொண்டு ஓட்டுகிறார்களே, அந்த குவாட் பைக். பேர் போன கம்பெனியாகவே வாங்குங்கப்பா, பெரிசாவே வாங்குங்க என்று ஒரே மூச்சில் சொன்னாய். போனில் சொல்லும்போது அது ஒரு வண்டி. கடைக்குப் போனால் அது இரண்டு வண்டி, அதுவும் இரண்டு கடையில். ஒரு கடை கப்பலில் வந்து இறங்குகிற மலிவு வண்டிகளை விற்கிறது, இன்னொன்று நீ சொன்ன கம்பெனியின் கடை. கம்பெனிக் கடையில் சின்ன வண்டிக்குக் கேட்கிற விலைக்கு மற்றக் கடையில் அதைவிட இரண்டு மடங்கு பெரிய வண்டி கிடைக்கிறது, முன்னால் விளக்கு, பின்னால் சாமான் வைக்க இரும்புத் தட்டு, பக்கத்தில் தீ ஜுவாலை மாதிரி ஸ்டிக்கர். எனக்கு வாயில் எச்சில் ஊறிவிட்டது என்றே வைத்துக்கொள். வளர்கிற பிள்ளை, பெரிதாக வாங்கினால் நாலு வருஷம் ஓடும் என்று கணக்குப் போட்டேன். நம் வீட்டில் எதைத்தான் அளவாக வாங்கியிருக்கிறோம்? உன் ஸ்கூல் ஷூவில் முன்பக்கம் பேப்பர் திணித்துத்தான் முதல் வருஷம் ஓட்டினாய். கடுகின் யூனிபாரத்தில் கீழே நாலு விரல் மடிப்பை நானேதான் வைத்துத் தைத்தேன்.

அதனால் போன சனிக்கிழமை கடுகையும் தங்கையையும் கூட்டிக்கொண்டு நேராக மலிவுக் கடைக்குப் போய் அந்தத் தீ ஜுவாலை வண்டியையே எடுத்து வைக்கச் சொன்னேன். கடுகை ஏற்றி உட்கார வைத்தார்கள். ராணி மாதிரி உட்கார்ந்தாள், அதை மறைக்க மாட்டேன். நான் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து சீட் உயரம், கால் வைக்கிற இடம் எல்லாம் அளந்து பார்த்துச் சரி சரி என்று தலையாட்டினேன். சீட் தைக்கிறவனுக்கு சீட்தான் கண்ணில் படும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பிரேக்கைத் தொடும்மா என்று கடைக்காரர் சொன்னார். கைப்பிடியைப் பிடித்தாள். பிரேக்குக்கு விரலை நீட்டினாள், நுனிதான் பட்டது. மடக்கி இழுக்கவேண்டுமென்றால் கைப்பிடியை விட்டுவிட்டு முன்னால் சாயவேண்டியிருந்தது. கடைக்காரர் சிரித்துக்கொண்டே, வளர்ற பொண்ணுதானே சார், ஆறு மாசத்துல விரல் தன்னால எட்டிடும் என்றார். நானும் சிரித்தேன். அதுதானே நானும் ஊருக்கெல்லாம் சொல்கிற நியாயம்.

அப்போதுதான் நம் வீட்டு வாயில்லாப் பூச்சி வாயைத் திறந்தது. கடையில் மிச்சச் சில்லறை கேட்கக்கூட என் முதுகுக்குப் பின்னால் நிற்பாளே உன் தங்கை, அவள் கடைக்காரரைப் பார்க்காமல் வண்டியின் டயரைப் பார்த்துக்கொண்டு, அதுவரைக்கும் பிரேக்கை யார் பிடிப்பாங்க என்று கேட்டாள். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓரமாக நின்றிருந்த ஒருவர்கூடத் திரும்பிப் பார்த்தார். (அப்பா மிகைப்படுத்துகிறார். அவர் ஹெல்மெட் பார்த்துக்கொண்டிருந்தார், திரும்பவெல்லாம் இல்லை. நான் சத்தமாகவும் கேட்கவில்லை.) யூனிபார மடிப்பென்றால் அவிழ்த்து விடலாம். இதில் எதை அவிழ்ப்பது? நாலு வருஷத்துக்கு வாங்குகிறேன் என்று முதல் வருஷத்தை மறந்துவிட்டேன். அந்த வண்டியை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். உன் அம்மாவிடம் வந்து சொன்னால், பொண்ணு கேட்டதை டெய்லர் கேட்கலையே என்று ஒரு வாரமாகக் குழம்பு ஊற்றும்போதெல்லாம் அதையே ஊற்றுகிறாள்.

அப்புறம் கம்பெனிக் கடைக்குப் போனோம். அங்கே ஒரு பெண் இருக்கிறார், விலையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னாலேயே கடுகை ஒரு வண்டியில் ஏற்றி எழுந்து நிற்கச் சொன்னார், உட்காரச் சொன்னார், இரண்டு பக்கமும் ஹேண்டிலை முழுக்கத் திருப்பச் சொன்னார், பிரேக்கைப் பிடிக்கச் சொன்னார். விரல் நன்றாக மடங்கியது. வேகத்தைக் குறைத்து வைக்க ஒரு திருகு இருக்கிறது, பின்னால் ஒரு சிவப்புக் கயிறு இருக்கிறது, பெரியவர்கள் பின்னால் நடந்துகொண்டு அதை இழுத்தால் இன்ஜின் நின்றுவிடும். மலிவு வண்டியிலும் இந்தக் கயிறு உண்டு, பொய் சொல்லக் கூடாது. மலிவு வண்டியில் சின்னதும் உண்டு, அதைக்கூட யோசித்தேன். ஆனால் எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன் தன் மகனுக்கு வாங்கிய மலிவு வண்டியில் கார்புரேட்டரில் ஏதோ ஒரு சின்னச் சாமான் போய்விட்டது, அதற்காகச் சொல்லி வைத்து எத்தனையோ மாதம் ஆகிறது, இப்போது அவர்கள் அதன் மேல் துண்டு காயப்போடுகிறார்கள். கம்பெனி வண்டிக்கு உதிரிச் சாமான் நம் ஊரிலேயே கிடைக்கிறது. ஆக, கம்பெனி விஷயத்தில் நீ சொன்னது சரி. பெரிது என்று சொன்னாயே, அது மட்டும் சரியில்லை.

நாங்கள் முடிவு செய்த கம்பெனி வண்டி சின்னது. அதுதான் இப்போது வீட்டில் நடக்கிற சண்டை. விளக்கு கிடையாது, ஸ்டிக்கர் கிடையாது, சாதாரணச் சிவப்பு. எதிர்வீட்டுப் பையனின் ஓடாத வண்டியே இதைவிடப் பெரிது. கடுகு கடையிலேயே கையைக் கட்டிக்கொண்டு, இது பாப்பா வண்டி, நான் என்ன பாப்பாவா என்றாள். பெரிய சைஸை நீங்கள் கேட்டாலும் இவளுக்கு இந்த வருஷம் தரமாட்டேன் என்று அந்தப் பெண் சொன்னதும் கடுகுக்குக் கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது, ஆனால் விழவிடவில்லை. வீட்டுக்கு வந்ததும் என்னைப் பார்த்து, தாத்தா நீ ஒரு கஞ்சப் பிசினாறி என்றாள். உன் அம்மாவைப் பார்த்து, நீயும்தான் என்றாள். சித்தியோடு இரண்டு நாள் பேசவே இல்லை. (மூன்றாவது நாள் ஜடை போட ஆள் இல்லாததால் வந்தாள். பின்னி முடித்ததும் மறுபடி பேச்சை நிறுத்திவிட்டாள்.) நீங்க யாரும் வேணாம், எங்க அம்மாகிட்ட கேட்டுக்கிறேன், அம்மா எனக்கு எதையும் இல்லைன்னு சொன்னதே இல்லை என்றாள்.

கண்ணு, அவள் சொன்னது உண்மை. அதனால்தான் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை அவள் கேட்பாள், அழகாகக் கேட்பாள். என்ன பேசுவது என்று கண்ணாடி முன்னால் நின்று இப்போதே சொல்லிப் பார்க்கிறாள். ப்ளீஸ்மா என்கிறாள், தேங்க்ஸ்மா என்கிறாள். எங்களிடம் அவள் ஒருநாளும் ப்ளீஸ் சொன்னதில்லை. தட்டை நகர்த்திவிட்டுத் தோசை வேண்டாம் என்பாள், சட்டை பிடிக்கவில்லை என்று கழற்றி எறிவாள், கதவை அறைந்து சாத்துவாள். உன்னிடம் பேசும்போது மட்டும் விருந்தாளி வீட்டுக்கு வந்த பிள்ளை மாதிரி ஆகிவிடுகிறாள். போனை வைத்ததும் எவ்வளவு நல்ல பிள்ளை என்று நீ பெருமைப்படுகிறாய் என்பது எனக்குத் தெரியும். எனக்கு அந்த ப்ளீஸைக் கேட்டுக்கொண்டிருப்பது கஷ்டமாக இருக்கிறது.

பக்கத்தில் இருக்க முடியாததற்குப் பதிலாகப் பெரிதாக ஒன்று வாங்கிக் கொடுக்க நினைக்கிறாய், எனக்குப் புரியாதா? உன் கை இங்கே எட்டவில்லை என்று உனக்கு இருக்கிற வருத்தத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. முதலில் நானே அவளிடம், உங்க அம்மாதான் வேண்டாம்னுட்டா என்று ஒரு பொய்யைச் சொல்லிப் பிரச்சினையை முடித்துவிடலாமா என்று பார்த்தேன். உன் அம்மா திட்டினாள். அந்த வார்த்தை அவ வாயால வரட்டும், அதையும் நாமளே பிடுங்கிக்கிட்டா அவளுக்கு என்னதான் மிச்சம் என்றாள். யோசித்துப் பார்த்தேன். பிள்ளைக்கு இல்லை என்று சொல்கிற வேலையை இத்தனை நாளும் நாங்கள்தான் செய்துகொண்டிருக்கிறோம், கொடுக்கிற வேலையை மட்டும் உனக்கு விட்டிருக்கிறோம். அது உனக்குச் செய்த உபகாரம் என்று நினைத்தோம்.

அதனால் இந்தத் தடவை நீ சொல். இந்தச் சின்ன வண்டிதான், உன் விரல் பிரேக்குக்கு எட்டுகிற வண்டிதான், பெரியது இப்போது கிடையாது என்று சொல். காரணம் கேட்டால் காரணம் சொல், அழுதால் அழவிடு, போனை மட்டும் நீ வைத்துவிடாதே. அவள் கத்தலாம். பிசினாறி என்றுகூடச் சொல்லலாம். உன்னோடு அவள் இதுவரை ஒரு சண்டைகூடப் போட்டதில்லை, யோசித்துப் பார்த்தாயா? தன் ஆள் என்று நினைக்கிறவர்களோடுதான் அவள் சண்டை போடுவாள், அது எங்களுக்கு நன்றாகத் தெரியும், தினம் வாங்குகிறோமே. அவள் உன்னைத் திட்டினால் சந்தோஷப்படு.

நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையைக் குளிரில் தலையை மூடிக்கொண்டு வண்டி ஓட்டச் சொல். நீங்கள் இரண்டு பேரும் எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இருக்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை அவள் கூப்பிடும்போது நாங்கள் மூன்று பேரும் வெளியே போய்விடுகிறோம், நீயும் அவளும் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உன் அப்பா

(அக்கா, அப்பா மெஷினை நிறுத்திவிட்டு மூக்கைத் துடைக்கிறார். அதை எழுதாதே என்றார். சண்டை நடந்தால் எனக்கு எல்லாவற்றையும் சொல், அவள் என்னவெல்லாம் சொன்னாள் என்று ஒன்று விடாமல்.)