புளிப்பின் முகம்

1934 நவம்பர் 12, திங்கள்
எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் ஜோசஃபின் எழுதுகிறாள். ஆனால் நினைப்பு மட்டும் தப்பாது. பட்டாளத்துக்கு ரொட்டி சுடும் பிளாக்பள்ளி பேக்கரியில் முப்பத்தெட்டு வருஷமாக ரொட்டிக்குப் புளிப்பு வைப்பவன் நான். ஈச்சங்கள்ளில் உருளைக்கிழங்கை மசித்துப் போட்டு மூடினால் விடியலில் நுரை பொங்கி நிற்கும். மூன்று நாளாகப் பொங்கவில்லை.

நவம்பர் 14
முதலாளி பெர்னார்ட் ஒரு ரொட்டியை எடுத்து மேஜையில் தட்டினார். “இன்னா மதலைமுத்து, பட்டாளத்துக்காரன் ரொட்டி கேட்டா குண்டு குடுக்குற?” எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு ரோஷம். ஓஸ்வால்ட் கள்ளில் பாதியைக் குடித்துவிட்டுத் தண்ணீர் ஊற்றுகிறான் என்று சொல்லிவிட்டேன். எனக்குக் கீழே பதினோரு வருஷமாக மாவு பிசைபவன். மூன்று பெண் குழந்தைகள். சனிக்கிழமையோடு நின்றுகொள் என்றார் முதலாளி அவனிடம். ஓஸ்வால்ட் என்னைத்தான் பார்த்தான்.

நவம்பர் 16
கள்ளை நானே வாங்கி நானே ஊற்றினேன். அவன் பக்கத்திலேயே வரவில்லை. இன்றும் பொங்கவில்லை. அப்படியானால்?

நவம்பர் 18, ஞாயிறு
பூசை முடிந்ததும் இரண்டு சீசாவோடு மல்லேஸ்வரம் போனேன். ஒன்றில் கடைக் கள், ஒன்றில் என் பானைப் புளிப்பு. எங்கள் ரொட்டி வாங்கும் தேசிகன் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை செய்கிறவர். வீட்டிலேயே பூதக்கண்ணாடிக் குழாய் வைத்திருக்கிறார்.

“ஒரு கண்ணை மூடிக்கோங்கோ பெரியவரே.”

மூடினேன். முதலில் கடைக் கள். ஜோசஃபின், இதைச் சரியாக எழுது. உருண்டை உருண்டையாக, ஜவ்வரிசி மாதிரி! ஒவ்வொன்றின் தோளிலும் ஒரு குட்டி முளைத்திருக்கிறது. குட்டி பெருத்துப் பிரிந்து போகுமாம். புளிப்புக்கு உயிர் உண்டென்று கை அறியும். முகம் இன்றைக்குத்தான் பார்த்தேன்.

அடுத்தது என் பானை. சில சுருங்கிக் கிடந்தன. சில நீண்டு கோணி, குட்டி பிரியாமல் ஒட்டிக்கொண்டு, சங்கிலி மாதிரி.

தண்ணீர் கலந்திருக்குமோ என்று கேட்டேன். “தண்ணி கலந்தா வடிவம் இப்படி மாறாது,” என்றார். “ஏதோ சரக்கு சேர்ந்திருக்கு. பட்டை, கிராம்பு மாதிரி, எண்ணெய் உள்ளதா.”

பட்டை, கிராம்பு என்றதும் எனக்குப் பரண் ஞாபகம் வந்தது. போன வியாழக்கிழமைக்கு முந்தின வியாழன், மழை. பழைய பானையின் வாய் உடைந்தது. பரணிலிருந்து இன்னொன்றை எடுத்தேன். வருஷா வருஷம் கிறிஸ்மஸ் கேக்குக்குப் பழமும் பட்டையும் கிராம்பும் சாராயத்தில் ஊறுகிற பானை. மூன்று தரம் வெந்நீர் விட்டுக் கழுவினேன். மண் பானை குடித்ததைக் கழுவ முடியுமா? நினைப்பு தப்பவில்லை. நான்தான் அதைக் கேட்கவில்லை.

நவம்பர் 19
நேற்று தேசிகன் நல்ல கள்ளில் பட்டையும் கிராம்பும் ஊறிய தண்ணீரைச் சில சொட்டு விட்டு வைத்திருந்தார். இன்று மறுபடி போய்ப் பார்த்தால் அதுவும் அதே கோணல், அதே சங்கிலி! வீட்டுக்கு வந்தும் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். “மெல்ல சொல்லுங்க மாமா, கை வலிக்குது,” என்கிறாள் ஜோசஃபின்.

முதலாளியிடம் சொன்னால் புளிப்பு வேலை என் கையில் இருக்காது. சொல்லாவிட்டால் ஓஸ்வால்ட்?

நவம்பர் 20
சொல்லிவிட்டேன். “அப்ப நான் உன்னையில்ல அனுப்பியிருக்கணும்,” என்றார் முதலாளி. ஆமாம் என்றேன். நீயே போய் அவனைக் கூட்டிக்கொண்டு வா என்றார்.

நவம்பர் 21
ஒக்கலிபுரத்தில் ஓஸ்வால்ட் வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டேன். உட்காரச் சொல்லவில்லை. “பதினோரு வருஷம், அண்ணே. திருடன்னு சொல்றதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.” அவன் மனைவிதான் வேலைக்குப் போகும் சட்டையை எடுத்து அவனிடம் கொடுத்தாள்.

நவம்பர் 26
புதுப் பானை. புளிப்பு வைத்தது ஓஸ்வால்ட். நுரை விளிம்பைத் தாண்டி வழிந்தது. என்னைக் கூப்பிட்டுக் காட்டவில்லை; நானே போய்ப் பார்த்தேன். எனக்கு இனி கேக் வேலை. ஞாயிற்றுக்கிழமை தேசிகனிடம் மிளகும் ஜாதிக்காயும் கொண்டுபோகிறேன். அவை அந்த உருண்டைகளை என்ன செய்யுமோ! வருகிறாயா என்று ஓஸ்வால்டைக் கேட்டேன். “பார்க்கலாம்,” என்றான்.