கழற்றி வைத்த பிளக்

என்னங்க,

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டேன். ஒன்பது மணிக்கு நம் பெண்ணுக்குக் கால் ஆபரேஷன். இப்போதுதான் கண் அசந்தீர்கள். எழுப்பி, முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியமில்லை.

"ஸ்கூட்டரோட டிஸ்பிளே பிளக்கைக் கழட்டாம விட்டுட்டேனே, பாவி" என்று இரண்டு நாளாகத் தலையில் அடித்துக்கொள்கிறீர்கள். நீங்கள் கழற்றித்தான் வைத்திருந்தீர்கள். மாட்டியது நான்.

அன்று அந்த பேட்டரி ஸ்கூட்டரின் கன்ட்ரோலர் ஒயர்களை மாட்டுவதைப் பாதியில் விட்டுவிட்டு நீங்கள் கடைக்குப் போனதும், பிளக் தனியாகத் தொங்குவதைப் பார்த்தேன். "எதையாவது முழுசா முடிக்கிற மனுஷனா இவரு?" என்று முணுமுணுத்தபடி மாட்டினேன். டிஸ்பிளே எரிந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. "உங்கப்பா முடிக்காதத நான் முடிச்சிட்டேன்டி, எடுத்துட்டுப் போ" என்று சாவியையும் கொடுத்தேன்.

பிரேக் பிடித்தால் மோட்டாரை நிறுத்தும் ஒயரை நீங்கள் இன்னும் இணைக்கவில்லை. அதுவரை யாரும் வண்டியைக் கிளப்பக் கூடாது என்றுதான் பிளக்கைக் கழற்றினீர்கள். அவள் பிரேக் பிடித்தும் வண்டி இழுத்துக்கொண்டே போய்ச் சுவரில் மோதிய பிறகுதான் இதெல்லாம் எனக்குத் தெரிந்தது.

சாதம் அடுப்படியில் மூடி வைத்திருக்கிறேன். என் மேல் கோபமிருந்தாலும் சாப்பிடுங்கள். வீட்டுச் சாவி ஜன்னலில்.

அவளுடைய மூக்குக்கண்ணாடி மேஜை மேல் இருக்கிறது, எடுத்து வாருங்கள்.

இன்னொன்று. நேற்று வலியிலும் என் கையைப் பிடித்து, "அப்பாகிட்ட சொல்லிராதம்மா, சண்டை வரும்" என்றாள். எட்டரைக்குள் வந்து, அம்மாவே உங்களிடம் எல்லாம் சொல்லிவிட்டாள் என்று அவளிடம் சொல்லிவிடுங்கள். அந்தப் பாரத்தோடு அவள் உள்ளே போக வேண்டாம்.