கோயில் ஆம்ப்ளிபயரை அணைப்பது யார்?

மாப்ளே,

நேற்றுச் சாயங்காலம் நம் மைக்செட் கடையில் உட்கார்ந்திருந்தபோது செல்போன் சிணுங்கியது. கொல்லிமலையில் குண்டூர் நாட்டுக் கோயில் ஆம்ப்ளிபயரில் நாம் மாட்டிய சிம் பெட்டியிலிருந்து மெசேஜ். "ஆஃப். கரண்ட் சரி. சூடு சரி." கரண்ட் போகவில்லை, ஆம்ப்ளிபயர் சூடேறவும் இல்லை. அப்புறம் எவன் அணைத்தான்? நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து போய்ச் சேர்ந்த நாளிலிருந்து இந்தத் தொல்லை இல்லாமல்தான் இருந்தது.

பூசாரி காட்டு வேலைக்குப் போய்விடுகிறார், பாட்டுப் போட ஆளில்லை என்று கமிட்டி புலம்பியதால்தானே அந்தப் பெட்டியை மாட்டினோம்! சேந்தமங்கலத்தில் கடையிலிருந்தபடியே 'ஆன்' என்று அனுப்பினால் மலையில் பாட்டு ஓடும், 'ஆஃப்' என்றால் நிற்கும். உன் நம்பருக்கும் என் நம்பருக்கும் மட்டுமே அது கட்டுப்படும். கையால் அமுக்கவும் ஒரு சுவிட்ச் உண்டு. நின்றுவிட்டது என்று பெட்டி சொல்லுமே தவிர, நிறுத்தியவன் யாரென்று சொல்லாது.

நீ இருந்த காலத்தில் தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் பாட்டு நிற்கும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஓடும். கமிட்டித் தலைவர் போனில் பிடித்துக்கொள்வார்.

"ஏனுங்க, சாமி பாட்டு பாதியில நிக்குது. இப்படியே போனா வேற செட்டுக்காரனப் பாத்துக்கறோமுங்க."

அந்தக் கோயில் கைவிட்டுப் போனால் மற்ற ஊர்க் கோயில்களும் போய்விடும், கடையை மூட வேண்டியதுதான். நான் பூசாரியைச் சந்தேகப்பட்டேன். நாமக்கல் செட்டுக்காரனைச் சந்தேகப்பட்டேன். பெட்டிக்குப் பூட்டுப் போட்டேன், பிறகு கள்ளச்சாவி இருக்குமோ என்று பூட்டையே மாற்றினேன். நீயோ பியூஸைக் கையில் வைத்து உருட்டியபடி, "கொரங்கு வேல மாப்ளே" என்பாய்.

"பூட்டுன பெட்டிக்குள்ள கொரங்கு எப்படிடா போவும்?"

"கொல்லிமலைக் கொரங்குடா, சும்மாவா?"

இன்று மதியமே பஸ் ஏறிவிட்டேன். கோயிலுக்குப் பின்னால் மிளகுக்கொடி படர்ந்த மரத்தடியில், திருடனைப் பிடிக்க வந்த போலீஸ்காரன் மாதிரி ஒளிந்து நின்றேன். அங்கிருந்தே 'ஆன்' அனுப்பினேன். பாட்டு ஓடியது. கொஞ்ச நேரத்தில் உன் மனைவி வந்து, ஒலிபெருக்கிக் குழாய்க்கு நேர் கீழே இருக்கும் பாறையில் ஏறினாள். கையில் உன் செல்போன். எதையோ அமுக்கினாள். பாட்டு நின்றது.

"ஏம்மா தங்கச்சி, நீயா?" என்று கத்திக்கொண்டே வெளியே வந்தேன்.

அவள் மிரளவில்லை. "ஆமாங்ணா. எங்க வீட்டுப் பக்கம் டவரே கெடைக்காது, கோயில்கிட்ட இந்தப் பாறையிலதான் நல்லாக் கெடைக்கும். கொழாய் சத்தத்துல ஒண்ணுமே கேக்காது. அதான் அவரு இருந்தப்ப கடையில இருந்தே பாட்ட நிறுத்திப்போட்டு எனக்குப் போன் போடுவாரு. உங்ககிட்டச் சொன்னா ஊரெல்லாம் சொல்லிக் கேலி பண்ணுவீங்கன்னு வெக்கம்."

"சரி, இப்ப யாருகிட்டப் பேசறே?"

"யாருகிட்டயும் இல்லீங்ணா. இந்த நேரத்துக்குப் பாட்டு நின்னாத்தான் அவரு கூப்புடற மாதிரி இருக்குது." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அடப்பாவி! ஊரில் ஒருத்தன் பாக்கியில்லாமல் சந்தேகப்பட்ட நான், உன்னை மட்டும் ஒருநாளும் சந்தேகப்படவில்லையே! நம் பிழைப்பையே பணயம் வைத்துப் பெண்டாட்டியோடு பேசியிருக்கிறாய். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே அணைத்திருக்க மாட்டேனா? கேலி பண்ணியிருப்பேன், அது வேறு விஷயம். உன்மேல் கோபம் கோபமாக வருகிறது. கூடவே அழுகையும் வந்து தொலைக்கிறது.

அதற்குள் தலைவர் கூப்பிட்டுவிட்டார். "மறுபடியும் ஆரம்பிச்சிருச்சுங்களே! என்ன கோளாறுன்னு கண்டுபிடிச்சீங்களா, இல்லீங்களா?"

அவள் பதறிப்போய்ப் பாட்டைப் போடப் போனாள். வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.

"கண்டுபிடிச்சிட்டேனுங்க. தெனமும் இந்த நேரத்துக்குக் கொஞ்சம் நிக்குமுங்க. சரி பண்ண முடியாதுங்க."

"அப்ப வேற ஆளப் பாக்கட்டுங்களா?"

"பாருங்க. யாரு வந்தாலும் இது இப்படித்தானுங்க" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

அவள் பாறையிலேயே நின்றாள். இனி தினமும் தலைவரிடம் உன் குரங்குப் பொய்யை நான்தான் சொல்லியாக வேண்டும், மாப்ளே. சொல்லிக்கொள்கிறேன்.