வெள்ளைப் பக்கத்தில் அண்ணன்

மார்ச் 3, 2025

மறுபடியும் தலைவலி. காற்புள்ளியா, முற்றுப்புள்ளியா என்று பிரித்தறிய முடியாமல், திரையில் முகத்தை ஒட்டிக்கொண்டு கோடிங் எழுதுகிறேன். கண்ணில் கோளாறில்லை, திரையை மாற்றுங்கள் என்கிறார் டாக்டர். அது சுகுமாறன் அண்ணனுடையது. நவம்பரில் ஊருக்குப் பக்கத்தில் அசாம் ஜாவா சாலையில் லோரி மோதிப் போய்விட்டான். அவனும் இதே வேலைதான். போன வாரத்திலிருந்து அவன் மேசையில் நான்.

மார்ச் 5

வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்தேன். இடது ஓரத்தில் சாம்பலாய்ச் சில வரிகள். துடைத்தேன், போகவில்லை. உற்றுப் பார்த்தால் — அண்ணன் எந்நேரமும் திறந்து வைத்திருந்த கோப்புகளின் பெயர்கள்.

அம்மா பின்னால் நின்றிருக்கிறார். "இது சுகு எழுதினதா, தனேஸ்?"

ஆமாம் என்றேன். சொல்லியிருக்கக் கூடாதோ?

மார்ச் 8

நான் எழுந்தால் போதும், அம்மா வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறார். வெள்ளைப் பக்கத்தைத் திறந்து வைக்கச் சொல்கிறார். அண்ணன் இப்போதுதான் தண்ணீர் குடிக்க எழுந்து போனது போலக் காத்திருக்கிறார். நானும் வாசலைப் பார்க்கிறேன்.

மார்ச் 12

வரிகள் மங்குகின்றன. டவுனில் கணினிக் கடை வைத்திருக்கும் கணேஸ்வரனுக்கு ஃபோன் செய்தேன்.

"ஒரே படம் ரொம்ப நாள் நின்ன தடம் அது. நீங்க வேல செய்யச் செய்ய மறைஞ்சிடும் லா."

அம்மா காதிலும் விழுந்தது. "அப்ப நீ வேல செய்யச் செய்ய அவன் அழியறான்."

கோபமே இல்ல அவங்க குரல்ல. அதான் தாங்கல. நான் என்ன பண்ணட்டும்?

மார்ச் 15

கடைக்குப் போனேன். கணேஸ்வரன் முதலில் ஓலெட் என்ற புது ரகத் திரையைக் காட்டினார். கறுப்பு அப்படியொரு கறுப்பு. "ஆனா ஒரே படத்த வெச்சிருந்தா தழும்பு விழும். இதுல அழியாது."

கையை எடுத்துவிட்டேன். நாளை என் தடமும் நின்றால், அதன் முன்னால் யார் உட்காருவது?

முப்பத்திரண்டு அங்குலம் இந்த மேசைக்குப் பெரிது. கடைசியில் வாங்கியது இருபத்தேழு அங்குலத்தில், எழுத்தைக் கூர்மையாகக் காட்டும் ஃபோர்கே திரை, கண் கூசாத மங்கல் பரப்பு. என் கோடிங்கையே அதில் திறந்து பார்த்தேன். எழுத்து அச்சடித்தது போலிருந்தது.

மார்ச் 16

பழைய திரை அம்மா அறைக்குப் போய்விட்டது. தலைவலி இல்லை. ஆனால் பட்டப்பகலிலும் அந்தக் கதவிடுக்கில் வெள்ளை வெளிச்சம்.

மார்ச் 21

அம்மா சாப்பிட வரவில்லை. தட்டை அறைக்கே கொண்டுபோனேன். திரை வெறும் வெள்ளை. எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. "இருக்கு, நல்லா பாரு" என்றார். பார்த்தேன்.

மார்ச் 27

பிற்பகலில் அம்மா தேத்தண்ணியோடு வந்தார். என் தோளுக்கு மேலாகத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவனைத்தான் தேடுகிறார் என்று நினைத்தேன்.

"இதுல நீ என்ன எழுதற?"

இத்தனை வருடத்தில் கேட்டதே இல்லை. கிளினிக்கில் நோயாளிகளை வரிசைப்படுத்தும் கோடிங் என்று சொன்னேன். ஒரு வரியைத் தொட்டு, "இது எதுக்கு?" என்றார். அவசரமாக வருகிறவர்களை முதலில் அனுப்ப. அடுத்த வரியைத் தொட்டார்.

பிறகு பக்கத்து அறையிலிருந்து தனக்கொரு நாற்காலியை இழுத்து வந்தார்.