ஏசாவின் மேல் போன வண்டிகள்

ஓரிகான்
1852 நவம்பர் 14

அன்புள்ள அல்மைரா அண்ணிக்கு,

நான் வந்து சேர்ந்துவிட்டேன். உங்கள் தம்பி, என் வீட்டுக்காரர் ஏசா வரவில்லை. சுற்றி வளைத்து எழுத எனக்குத் தெரியாது.

ஜூனில், வரும் வழியில் பிளாட் ஆற்றங்கரையில் காலரா. காலையில் மாடு பூட்டினார், பொழுது சாயும்போது இல்லை. வண்டிகள் போகும் வழியின் நடுவிலேயே குழி வெட்டினார்கள். எங்கள் வண்டிக் கூட்டத்துத் தலைவர் வந்து, "மனசக் கல்லாக்கிக்கம்மா. மேட்டுல புதைச்சா ஓநாய் தோண்டிடும். வழியில போட்டு மேல வண்டிய ஓட்டிட்டா அதுக்கு வாசம் தெரியாது" என்றார். எல்லா வண்டிகளும் அந்த மண்ணின் மேல் போயின. கடைசி வண்டி நம்முடையது. தார்க்கோல் என் கையில்தான் இருந்தது.

அக்டோபரில் பெண் பிறந்தாள். ரோடா என்று பெயர். பிறப்பு இறப்பு எழுதும் குடும்ப வேதப்புத்தகம் உங்களிடம்தானே இருக்கிறது. அவர் பெயருக்குக் கீழே இவள் பெயரையும் எழுதுங்கள். அப்பன் முகம் பார்க்காதவளுக்குக் குடும்பமாவது இருக்கட்டும்.

தெர்சா

இல்லினாய்
1853 மார்ச் 2

தெர்சாவுக்கு,

உன் கடிதம் வந்த அன்று வீட்டில் அடுப்பு எரியவில்லை. தாயில்லாத அவனுக்குக் கூழ் ஊட்டி வளர்த்தவள் நான். அவன் நெஞ்சின் மேல் மாட்டை ஓட்டினேன் என்று எழுதுகிறாயே, கை நடுங்கவில்லையா? இங்கே நாய்க்குக்கூட ஒரு கல் நடுகிறோம்.

பக்கத்து வீட்டு ஹல்டா, "தம்பிய எங்கடி வச்சிருக்காங்க?" என்று கேட்கிறாள். "ரோட்டுலதான்"னு சொல்லட்டுமா?

வேதப்புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அவன் கிடக்கும் இடத்தைக் காட்டு, எழுதுகிறேன். அதுவரை எனக்குத் தம்பி சாகவும் இல்லை, அவனுக்கு மகளும் இல்லை.

அல்மைரா

ஓரிகான்
1853 செப்டம்பர் 20

அன்புள்ள அண்ணிக்கு,

காட்ட முடியாது அண்ணி. எனக்கே தெரியாது. திரும்பிப் பார்த்தேன், புழுதிதான் இருந்தது.

என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள். பிள்ளையை மட்டும் வெளியே நிறுத்தாதீர்கள். அவளுக்கு அச்சாக உங்கள் வீட்டு மூக்கு. பக்கத்து நிலத்துக்காரி, "புள்ள வர்றதுக்கு முன்னாடி மூக்கு வந்துடுதேடி!" என்று சிரிக்கிறாள். ஒருவர் என்னைக் கல்யாணத்துக்குக் கேட்டார். மாட்டேன் என்றேன். நான் இன்னும் ஏசா வீட்டுக்காரிதான். நீங்கள் இல்லையென்று சொன்னாலும்.

தெர்சா

லாராமி கோட்டை, மேற்கே போகும் வழி
1854 ஜூலை 1

தெர்சா, என் கண்ணே,

எங்கிருந்து எழுதுகிறேன் என்று பார்த்து மிரளாதே. நாங்களும் கிளம்பிவிட்டோம். குதிரையில் முன்னால் போகும் ஒருவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

என் வீட்டுக்காரர் ஓரினுக்கு நிலம் வேண்டும். எனக்குத் தம்பி கிடக்கும் இடம் வேண்டும். அங்கே நடுவதற்கு ஒரு கல்லை வண்டியில் ஏற்றி வந்தேன். "மாடு செத்தா ஒன்னத்தான் பூட்டுவேன், ஒன் கல்ல நீயே இழு" என்று ஓரின் வழியெல்லாம் புலம்பினார்.

பிளாட் கரையில் பலகை நட்ட குழிகளைப் பார்த்தேன். பலகையில் பெயர் இருந்தது, குழியில் ஆள் இல்லை. ஒரு சின்னப் பிள்ளையின் போர்வை புதரில் கிழிந்து கிடந்தது. மிச்சத்தை எடுத்து ஓரின் மறுபடி புதைத்தார். கல்லை அதன் மேல் வைத்துவிட்டோம்.

அதன்பிறகு நான் வண்டியில் ஏறவில்லை. எந்த மண்ணுக்குக் கீழே தம்பியோ, அதன் மேல் எப்படி உட்கார்ந்து போவேன்? வழியின் ஓரமாகவே நடந்தேன். "ஓரிகான் வரைக்கும் நடையா?" என்றார் ஓரின். "வாய மூடிட்டு ஓட்டுங்க" என்றேன்.

மத்தியானம் நின்றபோது, வண்டிகள் போன தடத்தில் கத்தியைக் குத்திப் பார்த்தேன். நுனிகூட இறங்கவில்லை. இத்தனை வருஷத்து வண்டிகளும் அதை இரும்பாக இறுக்கி வைத்திருக்கின்றன. அங்கேயே உட்கார்ந்து அழுதேன் தெர்சா. என் தம்பியை எந்த ஓநாயும் தொட்டிருக்காது. நீதான் அவனைப் பூட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். உன்னை என்னவெல்லாம் எழுதினேன்!

வேதப்புத்தகத்தை மடியில் விரித்து எழுதினேன்: ஏசா, 1852 ஜூன், பிளாட் வழியில். மனைவி தெர்சா. மகள் ரோடா.

மை காய்ந்ததும் வண்டியில் ஏறினேன். ஓரின் பாவம், எனக்காக மாடுகளை ஓரமாகத் திருப்பினார்.

"ஓரமா வேணாம்" என்றேன். "நடுவுலயே ஓட்டுங்க."

உன் அண்ணி,
அல்மைரா