அஞ்சலை பாதி கொடுத்த மரம்

ஆவடி,
ஜூலை 9

அன்பு மகன் பெனிட்டோவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவரின் இரக்கத்தால் அப்பாவும் நானும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். மெல்பர்ன் குளிரில் நீயும் ஸ்டெஃபியும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் ஜெபிக்கிறோம். அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, தைலம் தேய்த்தால் தூங்குகிறார். ஸ்டெஃபிக்கு இருமல் விட்டதா? சுக்கும் மிளகும் போட்டுக் காய்ச்சிக் கொடு, சும்மா மாத்திரையே போடாதீர்கள்.

போன ஞாயிறு வீடியோவில், பின்பக்கம் ஏன் இவ்வளவு விறகு கிடக்கிறது, கன்னியம்மாவுக்குக் கொடுக்கச் சொன்னேனே என்று கேட்டாய். அப்புறம் சொல்கிறேன் என்று பேச்சை மாற்றிவிட்டேன். பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன், அப்பா இதைப் போனில் படம் எடுத்து அனுப்புவார். சேக்காட்டு மனையில் நின்ற வேம்பு உனக்குத் தெரியும், அதன் கதை தெரியாது. அந்தப் பக்கத்துப் பெண்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வேப்பம்பழம் உதிரத் தொடங்கும்போது மரத்தடியை யார் பெருக்கிச் சுத்தமாக வைக்கிறாளோ, கொட்டை அவளுக்கு, வேறு ஒருத்தியும் குனிந்து ஒன்றைக்கூட எடுக்க மாட்டாள். நீ மனையை வாங்குவதற்கு முன்பிருந்தே அது கன்னியம்மா பெருக்கும் மரம். பழத்தைப் பிசைந்து கழுவி, கொட்டையைக் காயவைத்து, எண்ணெய் ஆட்டுகிற வியாபாரிக்குப் போடுவாள். வகுப்பில் சொல்வதுபோல் சொல்கிறேன், பொறுமையாகக் கேள். அவள் சித்தாள் வேலைக்குப் போகிறவள், ஐப்பசி கார்த்திகை மழையில் கட்டட வேலை நின்றுவிடும். அரிசி ரேஷனில் வந்துவிடும், வெறும் அரிசியை எப்படிச் சாப்பிடுவது? பருப்பு, எண்ணெய், மிளகாய், புளி எல்லாம் ஆடியில் கொட்டை விற்ற காசில் வாங்கி டப்பாக்களில் நிரப்பி வைப்பாள். அவளும் மகள் அகல்யாவும் மழைக்காலம் முழுக்க அதைத்தான் சாப்பிட்டார்கள்.

வீடு கட்ட மரத்தை வெட்ட வேண்டும் என்றபோது, ஆடி முடியட்டும், அப்புறம் வெட்டலாம் என்று உன்னிடம் கேட்டேன். மேஸ்திரி வேறு வேலைக்குப் போய்விடுவார் என்றாய். உன் கடன், உன் லீவு, உன் அவசரம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் மரம் சாய்ந்தபோது காயெல்லாம் பச்சை, ஒன்றுக்கும் உதவாது. கன்னியம்மா துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தாள். நான்தான் போய், தம்பி விறகை உனக்கே கொடுக்கச் சொன்னான் என்றேன். "இன்னா டீச்சரம்மா, எனக்கு சோறு போட்ட மரத்த அடுப்புல வெச்சு எரிக்க சொல்றியா? நீயே வெச்சுக்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நீ நல்ல மனதோடுதான் சொன்னாய் என்று எனக்குத் தெரியும். அதனால் எனக்கு இன்னும் அதிகமாக வலிக்கிறது. எங்களுக்கும் எரிக்க மனம் வராமல் அது அப்படியே கிடக்கிறது.

மனைக்கு வெளியே தெரு ஓரமாக இன்னொரு வேம்பு இருக்கிறதே, அது அஞ்சலை பெருக்குவது. அவளும் சித்தாள்தான், அவள் வீட்டு மழைக்காலமும் அந்த மரத்தில்தான். மறுநாள் அவள் கன்னியம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துவந்து, "கெயக்கால நீ பெருக்கு, மேக்கால நா பெருக்கறேன். காக்கா துப்புற கொட்ட எந்தப் பக்கம் வியுந்தாலும் சண்ட கட்டக் கூடாது, ஆமா" என்றாளாம். அதற்குக் கன்னியம்மா, "காக்கா உன் பக்கந்தாண்டி வரும், மூஞ்சப் பாத்தா சொந்தக்காரின்னு தெரியாதா அதுக்கு" என்றாளாம். அதைச் சொல்லி இரண்டு பேரும் என் முன்னால் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு மரம் போனதில் இந்த மழைக்கு இரண்டு வீட்டிலும் டப்பா பாதிதான் நிறையும். கன்னியம்மாவிடம் பணம் நீட்டிப் பார்த்தேன், வேலை செய்யாத காசு வேண்டாம் என்றாள்.

இப்போது மேஸ்திரி அந்தத் தெரு மரத்தையும் எடுத்துவிட வேண்டும், கார் உள்ளே வர கேட் அங்கேதான் வருகிறது என்கிறார். பழம் மஞ்சளாகத் தொடங்கிவிட்டது ராஜா. கேட்டை வடக்கே நகர்த்தினால் மரம் பிழைக்கும், இடம் இருக்கிறது, அப்பா போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வண்டியை ஒருமுறை ஒடித்துத் திருப்ப வேண்டியிருக்கும், அவ்வளவுதான். மனையில் நின்ற மரத்துக்காக நான் பிடிவாதம் பிடிக்கவில்லை, இதற்குப் பிடிக்கிறேன். நான் சொன்னால் மேஸ்திரி தலையை ஆட்டிவிட்டுப் போகிறார், வீடு கட்டுகிறவன் சொன்னால்தான் கேட்பார். திங்கட்கிழமை ஆள் கூட்டி வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்கு முன்னால் நீயே அவருக்குப் போன் செய்.

கர்த்தர் உங்கள் மூவரையும் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக. குழந்தைக்கு என் முத்தம். குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. மேஸ்திரி காலை ஏழு மணிக்குள் போனை எடுப்பார், அதற்குப் பிறகு வேலைச் சத்தத்தில் அவருக்குக் கேட்காது.

உன் அன்பு அம்மா,
சாராள் ராயப்பன்